போர்முனையில் கேமரா, வீட்டில் போன்: வாசகர் கேள்விகள்

இந்த இதழில் போர்ப் புகைப்படக்காரர்களின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி: "நேரம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார் என் கணவர். போன் வராவிட்டால் எப்போது பயப்பட ஆரம்பிக்கலாம்?

அந்த வாக்கியத்தை முதலில் மாற்றச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் 24 மணி நேரமும் உங்களுக்குப் பயம்தான். ஒரு நாளைக்கு 2 நேரம் போதும்: காலையில் கிளம்பும் முன், மாலையில் தங்குமிடம் திரும்பியதும். எந்த ஊர்க் கடிகாரப்படி என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். "மாலை 7 மணி" என்றால் அவருக்கு அங்கே, உங்களுக்கு இங்கே; பாதிப் பதற்றம் இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது. பேச வேண்டும் என்பதில்லை. "வந்துவிட்டேன்" என்று ஒரு எஸ்.எம்.எஸ். போதும். சிக்னல் மெலிந்த இடத்தில் அழைப்பு போகாது, எஸ்.எம்.எஸ். சில சமயம் நுழைந்துவிடும்.

அடுத்தது, தாமதமானால் யார் என்ன செய்வது. உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். 1 மணி நேரம் தாண்டினால் அவருடைய எல்லா எண்களுக்கும் ஒரே ஒரு செய்தி. 3 மணி நேரம் ஆனால் ஓட்டுநர், ஃபிக்ஸர் (அங்கே மொழிபெயர்த்து, ஆட்களையும் இடங்களையும் ஏற்பாடு செய்துதரும் உள்ளூர்க்காரர்), விடுதி, கூடப் போனவர்கள். 6 மணி நேரம் ஆனால் ஆசிரியர் குழுவும் தூதரகமும். மறுநாள் காலையிலும் தகவல் இல்லையென்றால் சர்வதேச செஞ்சிலுவைக் குழு. செய்தியாளர்களுக்காகவே 1985 முதல் அவர்கள் ஒரு அவசரத் தொடர்பு எண் வைத்திருக்கிறார்கள். குடும்பத்தாரே நேரடியாக அழைக்கலாம். இந்த மணிக்கணக்கு இடத்துக்கு இடம் மாறும். முற்றுகையில் இருக்கும் ஊரில் 6 மணி நேர மௌனம் சாதாரணம்.

செய்யக்கூடாதவை இரண்டு. விடாமல் போன் அடிக்காதீர்கள்: அவர் சோதனைச் சாவடியில் நிற்கலாம், ஒளிந்திருக்கலாம், பேட்டரியும் காலியாகும். சமூக வலைத்தளத்தில் "காணவில்லை" என்று போடாதீர்கள். பிடித்து வைத்திருப்பவருக்கு அவர் யார், எந்தப் பத்திரிகை, எவ்வளவு மதிப்பு என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

நடைமுறையில் இந்த ஏற்பாடு கெட்டுப்போவது ஒரே விதத்தில்தான். ஒரு நாள் அவர் மறந்து தூங்கிவிடுவார், நீங்கள் எல்லோரையும் எழுப்பிவிடுவீர்கள், அவர் எரிச்சலில் "இனி இதெல்லாம் வேண்டாம்" என்பார். வேண்டும் என்று நில்லுங்கள். அந்த இரவை ஒத்திகைக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: தம்பி ஒரு ஒட்டிய கவரைக் கொடுத்து "திறக்காதே" என்றான். உள்ளே என்ன இருக்கும்? கேட்கலாமா?

கேட்க வேண்டும். திறக்க வேண்டிய அன்று அதில் ஏதோ விட்டுப்போயிருப்பது தெரிந்தால் அவனிடம் கேட்க முடியாதே. பாஸ்போர்ட் நகல், இரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்துகள், உடல் அடையாளங்கள், கேமராக்களின் சீரியல் எண்கள், காப்பீட்டு எண், வங்கி விஷயங்களுக்கு யாருக்கு அதிகாரம், அவனுடைய கணக்குகளை முடக்கத் தேவையான கடவுச்சொற்கள். இவ்வளவும் இருக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு முக்கியமான தாள்: அவன் உயிரோடு இருக்கிறான் என்பதை உறுதிசெய்யும் 3 அல்லது 4 கேள்விகள். கடத்தியவர் என்று சொல்லிக்கொண்டு யாராவது பேசினால், இந்தக் கேள்விக்குப் பதில் வாங்கித்தான் நம்ப வேண்டும். நாய்க்குட்டியின் பெயர் உதவாது, அது அவன் போட்ட படத்திலேயே இருக்கும். "சின்ன வயதில் கிணற்றில் எதைப் போட்டுவிட்டு அடி வாங்கினோம்?" மாதிரிக் கேள்வி நல்லது: வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, களைத்துப்போன மனிதனுக்கும் மறக்காது, சொன்னால் அழுகையும் வராது. கூடவே மிரட்டலுக்கு உட்பட்டுப் பேசுகிறேன் என்பதற்கு ஒரு சாதாரண வாக்கியம். வீட்டில் இல்லாத பூனையை நலம் விசாரித்தால் போதும்.

ஓட்டுநரின் வீட்டு எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 2011 மார்ச்சில் லிபியாவில் போர்ப் புகைப்படக்காரர் லின்சி அடாரியோ உட்பட 4 செய்தியாளர்கள் பிடிபட்டு, சில நாட்களில் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கார் ஓட்டிய இளைஞர் திரும்பவில்லை. காத்திருப்பது உங்கள் வீடு மட்டுமல்ல.

கேள்வி: மகள் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர். விலை உயர்ந்த குண்டு துளைக்காத அங்கி வாங்கிக் கொடுத்தால் நிம்மதியாக இருக்கலாமா?

அங்கி வேண்டும்தான், ஆனால் அது எதை மறைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 3ஏ நிலை என்று விற்கப்படும் மென்மையான அங்கி கைத்துப்பாக்கிக் குண்டையும் சிதறல்கள் சிலவற்றையும் தடுக்கும். ரைபிளுக்கு 3 அல்லது 4 நிலைக் கடினத் தகடு முன்னும் பின்னும் வேண்டும். அப்போது மொத்த எடை சுமார் 10 கிலோ. எடை தாங்காமல் பட்டையைத் தளர்த்துவார்கள், தகடு வயிற்றுக்கு இறங்கிவிடும், இதயம் வெளியே நிற்கும். தகட்டின் மேல் விளிம்பு இரண்டு காறையெலும்புகளுக்கு நடுவே உள்ள குழிக்கு நேராக இருக்க வேண்டும். பீங்கான் தகடு கீழே விழுந்தால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடும், பழையது வாங்காதீர்கள். சில நாடுகளுக்குள் கொண்டுபோக அனுமதியும் தேவை. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு அங்கியும் தலைக்கவசமும் இரவலாகத் தருகிறது.

கழுத்து, அக்குள், தொடையிடுக்கு இவற்றை எந்தத் தகடும் மறைக்காது. 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டா நகரில் போர்ப் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் இறந்தது தொடைப் பக்கத்து ரத்தப்போக்கால். அதன் பிறகுதான் அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர் ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி தரும் ரிஸ்க் அமைப்பைத் தொடங்கினார். பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்கள்தான் கையில்.

ஆகவே பணத்தில் ஒரு பங்கை டூர்னிக்கெட்டுக்கும் (கை, காலில் இறுக்கிக் கட்டி ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை) பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும் வரை பட்டையில் உள்ள குச்சியைத் திருக வேண்டும். வலிக்கிறது என்று கத்தினால் நிறுத்தக்கூடாது. கட்டிய நேரத்தை எழுத வேண்டும், இடையில் தளர்த்தக்கூடாது. மலிவுப் போலிகளில் குச்சி ஒடிந்துவிடும். நல்லது வாங்கியவர்கள் செய்யும் தவறு வேறு: பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பைக்கு அடியில், லென்ஸ் துணிகளுக்குக் கீழே வைத்திருப்பார்கள். எந்தக் கையாலும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பழகுவதற்கு வேறொன்று வைத்துக்கொள்ளட்டும். தொடையிடுக்கில் டூர்னிக்கெட் கட்ட முடியாது. அங்கே துணியைக் காயத்துக்குள் திணித்து உடல் எடையோடு அழுத்த வேண்டும். புத்தகம் படித்து வராது, பயிற்சியில்தான் வரும்.

கேள்வி: 'பிரஸ்' என்று எழுதியிருந்தால் சுடக்கூடாது என்பது சட்டம்தானே?

ஆம். ஜெனீவா போர் விதிகளுக்கான 1977இன் முதல் கூடுதல் நெறிமுறை, 79ஆம் பிரிவு: செய்தியாளர்கள் பொதுமக்களாகக் கருதப்பட வேண்டும். ஆனால் பீரங்கிக் குண்டு எழுத்துப் படிக்காது. இந்தியப் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில் கொல்லப்பட்டபோது ஆப்கன் சிறப்புப் படையினரோடு சென்றிருந்தார். படையோடு போகும் புகைப்படக்காரரைச் சட்டம் பொதுமகன் என்றே சொல்லும். படைக்கு வரும் குண்டு அவருக்கும் வரும்.

கேள்வி: ஆயுள் காப்பீடு இருக்கிறது. போதாதா?

விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். 'போர்' என்ற சொல் அங்கே இருக்க வாய்ப்பு மிக அதிகம். போர் ஆபத்தைப் பெயர் சொல்லி ஏற்கும் பாலிசி வேண்டும். ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: காயம்பட்ட இடத்திலிருந்து தூக்கி வருவீர்களா, அல்லது பக்கத்து விமான நிலையத்துக்கு நாங்களே கொண்டுவந்த பிறகா?

கேள்வி: திரும்பி வந்து 10 நாள் ஆகிறது. பேசுவதில்லை, தூங்குவதில்லை, படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

10 நாள் இன்னும் சீக்கிரம்தான். ஒரு மாதம் தாண்டியும் இப்படியே என்றால், அல்லது குடி சேர்ந்துகொண்டால், மனநல மருத்துவரிடம் போக வேண்டும். தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். டொரான்டோ மருத்துவர் ஆன்டனி ஃபைன்ஸ்டைன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 140 போர்ச் செய்தியாளர்களில் 28.6 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் எப்போதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. பெரும்பாலோருக்கு இல்லை என்பதும் அதே கணக்குதான்.

புகைப்படக்காரருக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. அங்கே ஒரு நொடியில் கடந்த முகத்தை, இங்கே திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கூர்மை சரியா என்று நிமிடக்கணக்கில் பார்க்கிறார். படத் தேர்வை இரவில் செய்ய வேண்டாம், சிறிய கட்டங்களாகப் பார்க்கட்டும், அந்த அறையில் படுக்க வேண்டாம். "என்னவெல்லாம் பார்த்தாய்?" என்று கேட்காதீர்கள். ஓட்டுநர் எப்படி, எங்கே சாப்பிட்டாய் என்று கேளுங்கள். மற்றதும் அங்கிருந்துதான் வரும்.

கேள்வி: அவன் வெளியே இருக்கும் நாட்களில் இரவு போனை சைலண்டில் போடலாமா? குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

போடுங்கள். அவனுடைய எண், ஆசிரியரின் எண் இரண்டுக்கு மட்டும் ஒலி வையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டில் இன்னொருவரிடம் போனைக் கொடுத்துவிட்டு வேறு அறையில் போய்ப் படுங்கள்.