தமஸ்கு வழியில் ஒலித்த சத்தம்: உடன் சென்றவர்கள் கேட்டார்களா, இல்லையா?

கேள்வி: கிறிஸ்தவர்களைத் துன்பப்படுத்திவந்த சவுல் (இவரே பவுல்) தமஸ்குவுக்குப் போகும் வழியில் இயேசுவின் சத்தத்தைக் கேட்டு மனம் மாறியதை எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் பாடமாக எடுக்கவிருக்கிறேன். அப்போஸ்தலர் 9:7இல் உடன் சென்றவர்கள் ‘சத்தத்தைக் கேட்டும் ஒருவரையுங் காணாமல்’ நின்றார்கள் என்றும், 22:9இல் அவர்கள் சத்தத்தைக் ‘கேட்கவில்லை’ என்றும் இருக்கிறது. வகுப்பில் யாராவது கேட்டால் என்ன விடை சொல்வது?

பதில்: முரண்பாடு இருப்பதை முதலில் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். மாணவர் கண்டுபிடித்த பிறகு விளக்குவதைவிட, ஆசிரியரே சுட்டிக்காட்டிவிட்டு விளக்குவது நேர்மையானது. கேட்பவர்களின் நம்பிக்கைக்கும் அதுவே நல்லது.

வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு கிரேக்க இலக்கணத்தைச் சார்ந்தது. 9:7இல் ‘சத்தம்’ என்னும் சொல் ஆறாம் வேற்றுமையிலும் 22:9இல் இரண்டாம் வேற்றுமையிலும் வருவதால், முதல் இடத்தில் அவர்கள் ஓசையை மட்டும் கேட்டார்கள் என்றும், இரண்டாம் இடத்தில் சொல்லப்பட்டது அவர்களுக்கு விளங்கவில்லை என்றும் பொருள்கொள்கிறார்கள். தமிழ்க் காதுக்கு இது இயல்பாகவே படும். ‘சத்தம் கேட்டது’ என்பதும் ‘சொன்னதைக் கேட்டான்’ என்பதும் நமக்கு ஒன்றல்ல. ஆனாலும் இந்த விதியை நான் முழுமையாக நம்பமாட்டேன். 22:7இல் பவுல் தாம் கேட்ட சத்தத்தைச் சொல்லும்போது அதே ஆறாம் வேற்றுமைதான் வருகிறது. அவருக்கோ ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியிருந்தது. ஆகவே, இலக்கணம் அந்தப் பொருளுக்கு இடம் தருகிறது, அதை நிரூபிக்கவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஓசை கேட்டும் சொல் விளங்காத அனுபவம் வேதத்தில் வேறிடத்திலும் உண்டு: யோவான் 12:28-29இல் வானத்திலிருந்து வந்த சத்தத்தைக் கூட்டத்தில் சிலர் இடிமுழக்கம் என்றார்கள், வேறு சிலர் தேவதூதன் பேசினான் என்றார்கள்.

நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது வேறொன்றில். ஒரே நிகழ்ச்சியை அப்போஸ்தலர் நூலின் ஆசிரியரான லூக்கா ஏன் மூன்று முறை எழுதினார்? 9ஆம் அதிகாரத்தில் அவரே கதைசொல்லி. 22இல் பவுல் எருசலேமில், கோட்டையின் படிகளில் நின்று, தம்மைக் கொல்லத் துடித்த யூதக் கூட்டத்தோடு எபிரெயு பாஷையில் பேசுகிறார்; அதனால்தான் அங்கே, தமஸ்குவில் சவுலிடம் வந்து அவருக்குப் பார்வை திரும்பச் செய்த அனனியா, ‘வேதப்பிரமாணத்தின்படியே பக்தியுள்ளவன்’ என்று அறிமுகமாகிறார். 26இல் செசரியாவில் அகிரிப்பா ராஜாவுக்கும் ரோம ஆளுநர் பெஸ்துவுக்கும் முன்பாகப் பேசும்போது அனனியாவே கதையில் இல்லை. புறஜாதியாரிடம், அதாவது யூதரல்லாதவர்களிடம், அனுப்பும் கட்டளை அந்தச் சத்தத்திலிருந்தே நேராக வருகிறது. சத்தம் எபிரெயு பாஷையில் ஒலித்தது என்ற குறிப்பும் அங்கே மட்டும்தான் உண்டு. அந்த அவையில் பவுல் பேசியது கிரேக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதால், அந்தக் குறிப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது என்றே நான் வாசிக்கிறேன்.

இப்படி அவைக்கேற்பச் செய்திகள் மாறும்போதும், ‘சவுலே, சவுலே, நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்?’ என்ற கேள்வியும், ‘ஆண்டவரே, நீர் யார்?’ என்ற எதிர்க்கேள்வியும், ‘இயேசு நானே’ என்ற விடையும் மூன்றிலும் நிற்கின்றன. பெயரை இருமுறை சொல்லி அழைப்பது ஆபிரகாமுக்கும் முட்செடியருகே மோசேக்கும் சிறுவன் சாமுவேலுக்கும் நேர்ந்ததுதான்; பழைய ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இது அழைப்பின் மொழி என்பது உடனே புரிந்திருக்கும். பவுல் தாமே கலாத்தியர் 1:15-16இல் இதைப் பற்றி எழுதும்போது ஒளியையோ சத்தத்தையோ குறிப்பிடவில்லை. தாயின் வயிற்றிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டு அழைக்கப்பட்டதாக, எரேமியாவின் அழைப்பை நினைவூட்டும் சொற்களில் எழுதுகிறார். ‘மனமாற்றம்’ என்று பாடத்துக்குத் தலைப்பு வைத்தாலும், ‘அழைப்பு’ என்ற சொல்லையும் அதனருகே எழுதிவையுங்கள்.

வகுப்பில் இன்னொரு கேள்வியும் எழக்கூடும். நம் பழைய மொழிபெயர்ப்பில் 9:5இல் ‘முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம்’ என்ற வரியும், அடுத்த வசனத்தில் சவுல் நடுங்கித் திகைத்துக் கேட்கும் கேள்வியும் உள்ளன; 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ என்னும் புதிய மொழிபெயர்ப்பில் அவை அந்த இடத்தில் இல்லை. யாரும் வசனத்தை நீக்கிவிடவில்லை. கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அவ்வசனங்களில் அந்த வார்த்தைகள் காணப்படுவதில்லை. 26:14இலிருந்தும் 22:10இலிருந்தும் இலத்தீன் வேதாகமத்துக்குள் வந்திருந்தவற்றை, எராஸ்முஸ் என்னும் அறிஞர் 1516இல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் சேர்த்தார். பழைய மொழிபெயர்ப்புகள் அந்த மரபைப் பின்பற்றின. 26:14இல் அந்த வரிக்கு உரிய இடம் உண்டு. அங்கே ‘முள்’ என்பது செடியின் முள்ளன்று, உழவர் கையிலிருக்கும் தாற்றுக்கோலின் கூர்முனை. குத்தப்பட்ட எருது பின்னங்காலால் அதை உதைத்துத் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது. தார்க்குச்சி பிடித்து ஏர் ஓட்டியவர் யாராவது உங்கள் வகுப்பில் இருந்தால், அந்த வசனத்தை அவரையே விளக்கச் சொல்லுங்கள்.