தோட்டத்துச் சாளைக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: ஊத்துக்குளி அருகே, ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) நானும் மனைவியும் 74 வயதுத் தாயாரும் பள்ளிக்குச் செல்லும் இரு பிள்ளைகளும் குடியிருக்கிறோம். பல்லடம், சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு இரவில் உறக்கமில்லை. நான் இதுவரை துப்பாக்கியைக் கையாண்டதில்லை. உறவினர் ஒருவர் ரிவால்வர் வாங்கச் சொல்கிறார். வேறொருவர், மலைப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி கிடைக்கும் என்கிறார். ஐந்து மாதங்களுக்கு முன் காலமான என் தந்தையின் இரட்டைக் குழல் துப்பாக்கியும் உரிமப் புத்தகத்துடன் பீரோவில் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? உரிமம் கிடைக்குமா? திருடன் வந்தால் சுடலாமா?

பதில்: உங்கள் அச்சம் மிகையானது என்று நான் சொல்லமாட்டேன். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் பெற்றோரும் மகனுமாக மூவரும், 2025இல் சிவகிரி அருகே தனியாக வாழ்ந்த முதிய தம்பதியும் கொல்லப்பட்ட பிறகு, சாளைகளில் குடியிருக்கும் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் செய்திக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பீரோவில் இருக்கும் அந்தத் துப்பாக்கி, இன்றைய நிலையில், சட்டத்தின் பார்வையில் உரிமமற்ற துப்பாக்கி. உரிமம் உங்கள் தந்தை என்ற தனிமனிதருக்குத் தரப்பட்டது; அவருடைய நிலமும் வீடும் போல அது தானாக உங்கள் கைக்கு வந்து சேராது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், அவருடைய வாரிசுகள் தேவையற்ற தாமதமின்றித் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு கூறுகிறது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறைத்தண்டனை என்று 25ஆவது பிரிவு சொல்கிறது. எனவே தந்தையின் இறப்புச் சான்றிதழ், உரிமப் புத்தகம், ஒரு கடிதம் ஆகியவற்றுடன், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை விவரம் தெரிந்தவரைக் கொண்டு உறுதி செய்துகொண்டு, இந்த வாரத்திற்குள் அதை ஒப்படைத்து, கையெழுத்திட்ட ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். முடிந்தால் வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஐந்து மாதத் தாமதத்திற்குத் துக்கத்தையும் அறியாமையையும் காரணமாகச் சொல்வது இன்று எளிது. யாரோ ஒருவர் புகார் கொடுத்துச் சோதனை நடந்த பிறகு அப்படிச் சொல்வது எளிதன்று.

ஒப்படைப்பதால் துப்பாக்கி கைவிட்டுப் போய்விடாது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், இறந்த உரிமதாரரின் சட்டபூர்வ வாரிசு அதே துப்பாக்கிக்குத் தன் பெயரில் உரிமம் கோர வழி செய்கின்றன. தாயாரும் உடன்பிறந்தோரும் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். விதிகள் குறிப்பிடும் காலத்திற்குள் உரிமமும் பெறாமல் விற்கவும் செய்யாமல் விட்டுவிட்டால் மட்டுமே அது அரசுடைமையாகும்.

எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை அன்று. அமெரிக்காவோடு ஒப்பிட்டு உச்ச நீதிமன்றமே 2023இல் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. ஆகவே, நமக்குப் பிடித்தது எது என்பதற்கு முன், சட்டம் எதை எளிதாகத் தருகிறது என்று பார்க்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் பலரும் கவனிக்காத வேறுபாடு ஒன்று உண்டு. குழலின் நீளம் 20 அங்குலத்திற்குக் குறையாமலும் உட்புறம் வரிப்பள்ளமின்றி வழவழப்பாகவும் உள்ள துப்பாக்கியை, அதாவது நாம் 12 போர் (bore, குழல் அளவு) என்று சொல்லும் ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல் துப்பாக்கியை, இந்தியக் குடிமகன் ஒருவர் பாதுகாப்புக்காகக் கேட்டால், 14ஆவது பிரிவு சொல்லும் மறுப்புக் காரணங்கள் இல்லாதவரை, உரிமம் வழங்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. மற்றத் துப்பாக்கிகளுக்கோ, விண்ணப்பதாரருக்குத் தக்க காரணம் இருக்கிறது என்று உரிம அதிகாரி மனநிறைவு அடைய வேண்டும். ரிவால்வர் இந்த இரண்டாவது வகையில் வருகிறது. நேரடி மிரட்டல், முன்பு நடந்த தாக்குதல், பெருந்தொகையைக் கொண்டு செல்லும் தொழில் போன்றவற்றை ஆவணங்களுடன் காட்ட முடியாத ஒருவருக்கு அது கிடைப்பது கடினம். கிடைத்தாலும் .32 போன்ற அனுமதிக்கப்பட்ட குழல் அளவில்தான் வாங்க முடியும், 9 மி.மீ. கைத்துப்பாக்கி போன்றவை தனியாருக்குத் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், உங்கள் வீட்டுக்கு ரிவால்வரை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதன் முதன்மையான பயன், வெளியே செல்லும்போது உடலோடு எடுத்துச் செல்லலாம் என்பது. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. பதற்றத்தில் கை நடுங்கும் நேரத்தில் குட்டையான குழலைக் குறி தவறாமல் பிடிக்கத் தொடர்ந்த பயிற்சி வேண்டும். தலையணைக்கு அடியிலும் மேசை இழுப்பறையிலும் அடங்கிவிடுகிற பொருள் பிள்ளைகளின் கையிலும் அடங்கிவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். இரட்டைக் குழல் துப்பாக்கியின் இயக்கம் எளிமையானது. குழலை மடித்துத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும். முதன்முறையாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. ஆனால் உங்கள் தந்தையின் துப்பாக்கி எத்தனை ஆண்டுப் பழையது என்று நீங்கள் எழுதவில்லை. குழலின் உட்புறம் துருவேறிக் குழி விழுந்திருக்கிறதா, இன்றைய தோட்டாவின் அழுத்தத்தை அது தாங்குமா, தோட்டா அமரும் அறையின் நீளம் இன்றைய தோட்டாவுக்குப் பொருந்துகிறதா என்பதை உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடம் காட்டிச் சோதிக்காமல் ஒரு தோட்டாவையும் அதில் போடாதீர்கள்.

நாட்டுத் துப்பாக்கி பற்றிச் சொன்னவரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வாங்கிய நாளிலிருந்தே நீங்கள் குற்றவாளி ஆவீர்கள். அதைக் கொண்டு உங்கள் உயிரையே காத்துக்கொண்டாலும் ஆயுதச் சட்ட வழக்கு தனியாக நிற்கும்.

உங்கள் ஊர் மாநகரக் காவல் ஆணையரின் எல்லைக்கு வெளியே இருப்பதால், திருப்பூர் மாவட்ட ஆட்சியரே உங்களுக்கு உரிம அதிகாரி. படிவம் ஏ-1இல் விண்ணப்பித்து, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், பாதுகாப்பாக வைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றை இணைக்க வேண்டும். காவல்துறையின் விசாரணை அறிக்கை மிக முக்கியமானது என்பதால், சாளைக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலான தொலைவு, அருகில் நடந்த திருட்டுகளின் முதல் தகவல் அறிக்கைகள் ஆகியவற்றை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் ஊரைப் பொறுத்தவரை வேறொரு தடையும் இருக்கக்கூடும். சர்க்கார் பெரியபாளையத்தில் உள்ள நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் வழங்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்று 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு விதிக்கிறது. உங்கள் சாளை அந்தச் சுற்றளவுக்குள் வருமானால், கோப்பு மாதக்கணக்கில் வனத்துறையில் நிற்பதைத் தவிர்க்க, இந்த இசைவையும் விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேளுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டியது அதிகாரியின் கடமை. போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி மறுக்க முடியாது. மறுப்பை எதிர்த்து ஆயுதச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம்; அதற்கான கால வரம்பு குறுகியது என்பதால் உத்தரவு கைக்கு வந்த உடனே வழக்கறிஞரை அணுகுங்கள்.

இனி, சுடலாமா என்ற கேள்வி. உரிமம் என்பது துப்பாக்கியை வைத்திருப்பதற்கான அனுமதி மட்டுமே; ஒரு மனிதர் மீது அதைப் பயன்படுத்துவதற்கான அனுமதி அன்று. அதைத் தீர்மானிப்பது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள். உங்களுக்கோ குடும்பத்தினருக்கோ மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சத்தை உண்டாக்கும் தாக்குதலின்போது, தாக்குபவருக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்கும் தற்காப்பு உரிமை நீளும். சொத்தைப் பொறுத்தவரை, கொள்ளை, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று அஞ்சத்தக்க சூழலில் நடக்கும் திருட்டு, சொத்துச் சேதம் அல்லது வீட்டுக்குள் அத்துமீறல் ஆகியவற்றில் மட்டுமே அந்த அளவுக்குச் செல்ல முடியும். அப்போதும் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமான தீங்கைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

தோட்டத்து வாழ்க்கைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நள்ளிரவில் கதவை உடைத்துக்கொண்டு அரிவாளுடன் உள்ளே நுழைபவன் ஒருவன். மோட்டார் அறையில் செம்பு ஒயரை அறுத்துக்கொண்டிருப்பவன் இன்னொருவன். நம் பகுதியில் அன்றாடம் நடப்பது இரண்டாவது வகைத் திருட்டுதான். அவனைச் சுட்டுக் கொன்றால் அது தற்காப்பு ஆகாது, கொலை வழக்காகும். முதலாமவனும் கூட, வீட்டை விட்டு வெளியேறித் தோப்புக்குள் ஓடத் தொடங்கிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. வீட்டை உடைத்து நுழைந்த அத்துமீறல் நீடிக்கும் வரைதான் அது தொடர்பான தற்காப்பு உரிமையும் நீடிக்கும் என்று 43ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஓடுபவனின் முதுகில் பாய்ந்த குண்டுகளுக்கு நீதிமன்றத்தில் விளக்கம் சொல்வது மிகக் கடினம். நீங்கள் ஆபத்தின் நடுவில் நின்றவர் என்பதால், எதிர்த்தாக்குதலைத் தராசில் நிறுத்து அளக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆயினும் தற்காப்பு என்பதை நிலைநாட்டும் பொறுப்பு உங்களுடையது. இருட்டில் அசையும் உருவம் திருடனா, தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரா, கழிப்பறைக்கு எழுந்த உங்கள் தாயாரா என்று தெரியாமல் விசையை இழுத்துவிட்டால், அந்தத் துயரத்தை எந்தச் சட்டப் பிரிவாலும் துடைக்க முடியாது. அப்படி ஒரு நிலை வந்து சுட நேர்ந்தால், உடனே 112க்கு அழையுங்கள். காயமடைந்தவருக்கு ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். எதையும் இடம் மாற்றாதீர்கள்.

உரிமம் உங்கள் பெயரில் இருந்தால், நீங்கள் வெளியூர் செல்லும் நாளில் உங்கள் மனைவியின் பொறுப்பில் துப்பாக்கியை விட்டுச் செல்ல முடியாது. உரிமம் இல்லாதவரிடம் ஒப்படைப்பதும் குற்றமே. வீட்டில் இருக்கும்போது துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டாக்கள் வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும், சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்படி வைத்தால், சத்தம் கேட்டு எழுந்து, இரண்டு பூட்டுகளையும் திறந்து, தோட்டாவைப் போட உங்களுக்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களை உங்களுக்குத் தர வேண்டியவை கதவும் தாழ்ப்பாளும் ஜன்னல் கம்பியும்தான். தேர்தல் அறிவிக்கப்பட்டால் உரிமதாரர்களிடமிருந்து துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம் என்பதால், பல வாரங்கள் அது உங்கள் வீட்டில் இருக்கவும் இருக்காது. ஆகவே உரிமம் வரும் வரை காத்திராமல், வாசலுக்கும் பின்கட்டுக்கும் விளக்கு, கண்காணிப்புக் கேமரா, குரைக்கும் நாய், இரும்புக் கதவு ஆகியவற்றுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். துப்பாக்கியை ஒப்படைக்கக் காவல் நிலையம் செல்லும் அதே நாளில், ரோந்துக் காவலர் வந்து கையெழுத்திடும் பட்டாப் புத்தகம் ஒன்றை உங்கள் சாளையில் வைக்க வேண்டும் என்று ஆய்வாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, அதற்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.