கேள்வி-பதில்: எந்தப் புழு, எந்தச் செடி, எவ்வளவு?

ஆறு வயதுப் பையனுக்கு ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு. வேப்பெண்ணெய் ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா? (அல்சூர் வாசகி)

கூடவே கூடாது. பிள்ளைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டி வலிப்பும் மயக்கமும் வந்து உயிரே போனதுண்டு. ராத்திரி அரிப்பு என்றால் பெரும்பாலும் நூல்புழு. மலப் பரிசோதனையில் அது அவ்வளவாகச் சிக்காது. விடிந்ததும், கழுவுவதற்கு முன், செலோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டியெடுத்து லேபில் கொடுங்கள். நூல்புழுதான் என்றால் டாக்டரிடம் கேட்டு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒன்று, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. வீட்டில் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். பையனின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரைக்குப் பதில் பப்பாளி விதை போதாதா? (ராமமூர்த்தி நகர் வாசகர்)

போதாது. நைஜீரியாவில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், காய்ந்த பப்பாளி விதையைத் தேனில் கலந்து சாப்பிட்ட பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குப் புழு போயிருந்தது. ஆனால் ஆய்வில் இருந்தவர்களே மொத்தம் 60 பேர்தான். நல்ல தொடக்கம், அவ்வளவே. மாத்திரையை விடாதீர்கள்.

வாய்விடங்கச் சாறு சில நிமிடங்களில் புழுவைக் கொன்றதாக ஓர் ஆய்வுக் கட்டுரையை என் மகள் காட்டினாள். பொடி வாங்கிச் சாப்பிடலாமா? (மல்லேஸ்வரம் வாசகர்)

எந்தப் புழு என்று பார்த்தீர்களா? இந்த மாதிரிக் கட்டுரைகளில் முக்கால்வாசி மண்புழுவை வைத்துச் செய்தவை. கண்ணாடித் தட்டில் சாற்றை ஊற்றி, மண்புழுவைப் போட்டு, அது துவண்டு போக எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்ப்பார்கள். உப்புத் தண்ணீரிலும் மண்புழு துவளும். அது ஒட்டுண்ணியே இல்லை. வயிற்றுக்குள் வாழ்வதும் இல்லை. உங்கள் குடலில் அந்தச் சாறு எவ்வளவு போய்ச் சேரும், கல்லீரல் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தட்டில் பதில் கிடையாது. இதை எத்தனை முறை எழுதினாலும் மாதம் ஒருவராவது அதே கட்டுரையை அனுப்புகிறார்.

நான் செடியை மட்டம் தட்டவில்லை. வாய்விடங்கமும் முருக்கன் விதையும் தலைமுறைகளாகப் புழுவுக்குக் கொடுக்கப்பட்டவை. ஆனால் கையில் இருப்பது வாய்விடங்கம்தானா? இங்கே பெங்களூரில் கிரந்திகே அங்கடியில் (நாட்டு மருந்துக் கடை) 'வாயுவிளங்கா' என்று கன்னடப் பெயரில் கேட்டால், மிளகு மாதிரி இருக்கும் வேறொரு காயையும் தள்ளிவிடுவார்கள். நகத்தால் உடைத்துப் பாருங்கள். உள்ளே ஒரே விதை என்றால் அசலாக இருக்கலாம். பொடிப்பொடியாகப் பல விதைகள் கொட்டினால் போலி. பொடியாக வாங்கினால் இந்தச் சோதனைக்கும் வழியில்லை. அசலே ஆனாலும், கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் தொடவே வேண்டாம். எந்தப் புழு, எந்தச் செடி, எவ்வளவு? மூன்றுக்கும் பதில் தெரிந்த சித்த மருத்துவரிடம் போங்கள்.

குப்பைமேனிச் சாறு எத்தனை சொட்டு? (பெயர், ஊர் இல்லை)

யாருக்கு? என்ன வயது? எதற்கு? எதுவும் எழுதாமல் சொட்டுக் கணக்கு மட்டும் கேட்டால் எப்படி? ஜி6பிடி என்ற, சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்தக் கீரை சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

நாய்க்குட்டிக்குப் பூண்டு? (கோரமங்களா வாசகி)

நிறுத்துங்கள். பூண்டு நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். கால்நடை மருத்துவரிடம் எடை போட்டு மருந்து வாங்குங்கள்.

என் தம்பிக்கு வலிப்பு. மூளையில் நாடாப்புழுக் கட்டி என்கிறார்கள். பூசணி விதையில் கரையுமா? (ஸ்ரீராம்புரம் வாசகர்)

கரையாது. பூசணி விதையின் பேச்சு குடலில் உள்ள புழுவோடு சரி. நீங்களாகப் பூச்சி மாத்திரையும் கொடுத்துவிடாதீர்கள். கட்டிக்குள் புழு சாகும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு கூடும். ஸ்கேனை எடுத்துக்கொண்டு இந்த வாரமே நிம்ஹான்ஸ் மூளை-நரம்பியல் மருத்துவமனையில் காட்டுங்கள். அதுவரை வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.