அமெரிக்காவின் நெடுந்தூர ரயில்கள் நஷ்டத்தில்தான் ஓடுகின்றன என்றால் ஏன் இன்னும் நிறுத்தவில்லை?

நஷ்டம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எவ்வளவு நஷ்டம் என்பது கணக்குப் போடுகிறவரைப் பொறுத்து மாறும்.

சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயிலில் ஆல்புகர்க்கி வரை ஒருமுறை போனேன். அங்கே பயணிகள் ரயில்களை நடத்தும் அரசு சார்ந்த நிறுவனமான ஆம்ட்ராக்கின் கோச்சில் கண்டக்டர் நாம் இறங்கும் ஊரை ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி இருக்கைக்கு மேலே செருகிவிட்டுப் போவார். என் பக்கத்து இருக்கைக்கு மட்டும் அந்தச் சீட்டு மூன்று தடவை மாறியது. கேல்ஸ்பர்க் வரை ஒரு கல்லூரிப் பையன், அங்கிருந்து கான்சஸ் சிட்டி வரை ஒரு பாட்டி, விடிவதற்கு முன்னால் டாட்ஜ் சிட்டியில் ஏறிய ஒருவர். "விமானத்தில் போகாமல் யார் இதில் இரண்டு நாள் உட்காருவார்கள்" என்று கேட்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை, கடைசி வரை போகிறவர்களுக்காக மட்டும் ஓடுகிற ரயில் இல்லை அது.

அப்புறம் "ஒரு பயணிக்கு இத்தனை டாலர் நஷ்டம்" என்ற கணக்கு. குறுந்தூர ரயில்கள் ஓடும் நியூயார்க்–வாஷிங்டன் தடம் சுமார் 225 மைல், இந்த ரயிலின் முழு ஓட்டம் 2,200 மைலுக்கு மேல். இரண்டிலும் தலையை மட்டும் எண்ணினால், கால் கிலோ கத்தரிக்காயையும் இரண்டரை கிலோவையும் 'ஒரு பை' என்று ஒரே தட்டில் வைப்பது போலத்தான். மைல் கணக்கில் பார்த்தாலும் நஷ்டம் நஷ்டம்தான், ஆனால் அவ்வளவு பயங்கரமாகத் தெரியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் பொதுச்செலவு. ஸ்டேஷன், முன்பதிவு, தலைமை அலுவலகம் எல்லாவற்றையும் ஒரு சூத்திரம் வைத்து ஒவ்வொரு ரயில் தலையிலும் பிரித்து எழுதுகிறார்கள். கூட்டுக்குடும்பத்தில் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்த பிறகு, சித்தப்பா தனிக்குடித்தனம் போனால் அவர் பங்கு மிச்சம் என்று நினைக்க முடியுமா? வாடகை அதேதான், மற்றவர்கள் பங்குதான் கூடும். 1995-ல் எம்பயர் பில்டர் என்ற இன்னொரு நெடுந்தூர ரயில் உட்படச் சில ரயில்களை வாரத்தில் மூன்று, நான்கு நாளாகக் குறைத்தார்கள். வருமானம் உடனே இறங்கியது, செலவு நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. (நம் ஊர் டிக்கெட்டில் 'பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதமே வசூலாகிறது' என்று அச்சடித்திருந்தார்களே, அதைப் பார்க்கும்போதும் எனக்கு இதே கேள்விதான் வரும்: சரக்கு ரயிலும் ஓடுகிற தண்டவாளத்தின் செலவை யார் தலையில் எப்படிப் பிரித்தார்கள்?)

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று, நாளைக்கு இந்த ரயிலை நிறுத்தினால் உண்மையில் கையில் மிஞ்சும் பணம் எவ்வளவு? ரயில் ஆதரவாளர்கள் இதை விடாமல் கேட்க வேண்டும். அவர்களில் பலர் இயற்கைக் காட்சி, பழைய ரயில் காலம் என்று உருகுகிறார்கள், சிலர் லாபம் என்றே சாதிக்கிறார்கள், இரண்டுமே எடுபடாது. 2018-ல் டாட்ஜ் சிட்டிக்கும் ஆல்புகர்க்கிக்கும் நடுவில் இதே ரயிலுக்குப் பதிலாக பஸ் விடலாம் என்று யோசனை வந்தபோது ஜெயித்தது வேறு வாதம். அந்தத் தண்டவாளத்தைச் சீரமைக்க கான்சஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ பக்கத்துச் சின்ன ஊர்கள் ஏற்கெனவே தங்கள் பங்குக்குப் பணம் போட்டிருந்தன. செனட்டில் கட்சி பேதமில்லாமல் 95-க்கு 4 என்று ரயில் பக்கம் ஓட்டு விழுந்தது, பஸ் யோசனை அதோடு சரி.