குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் காரைக்குடிப் பக்கத்துச் சிறுதொழில்கள் படுத்துவிடுமா?

எல்லாத் தொழிலும் படுக்காது. எது தாங்கும், எது தாங்காது என்று தெரிய மூன்றைப் பார்க்க வேண்டும்: இப்போது கையில் கொடுக்கும் சம்பளம், சரக்கின் விலையில் கூலியின் பங்கு, விலை ஏறினால் வாங்குபவருக்கு வேறு சரக்கு கிடைக்குமா என்பது.

கொத்தனார், தச்சு ஆசாரி போன்றவர்களுக்குச் சந்தைக் கூலியே அரசு அறிவித்ததைவிட மேலே நிற்கிறது. அவர்களைப் பொறுத்தவரை அறிவிப்பு வெறும் காகிதம். உயர்வு போய்ச் சேர வேண்டியது பலகாரக் கூடத்துப் பெண்களுக்கும், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கும், பாரம்பரிய வீடுகளை விடுதியாக்கிய இடங்களில் பெருக்கித் துடைப்பவர்களுக்கும்தான்.

பலகாரத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, கைமுறுக்கு கிலோ 400 ரூபாய், அதில் கூலி 100 என்று வையுங்கள். கூலி 20 சதவீதம் ஏறினால் கிலோவுக்கு 20 ரூபாய் கூடும். பலரும் இத்தோடு கணக்கை முடித்துவிடுவதுதான் தவறு. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) முதலாளி பங்கு நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) 3.25, குறைந்தபட்ச போனஸ் 8.33, ஆக ஏறிய கூலியின் மேல் 24.58 சதவீதம் கூடவே ஏறும். போனஸ் கணக்குக்கு அரசு அறிவிக்கும் உச்சவரம்புத் தொகை அல்லது குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்பதால் கூலி உயர்வு அங்கேயும் எட்டிப் பார்க்கும். 20 ரூபாய் உண்மையில் 25 ஆகிறது, விலை 425. எண்ணெய் விலை ஏறும்போது இதே அளவு உயர்வைக் கல்யாண வீட்டார் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். இன்னொன்று, இந்தச் சரக்கில் பெரும்பகுதி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. கூடுதல் விலையை அங்கே இருப்பவர் கொடுக்கிறார்; கூடுதல் கூலி இங்கே மளிகைக்கடையிலும் சந்தையிலும் செலவாகிறது.

பத்துப் பேருக்குக் குறைந்தால் இ.எஸ்.ஐ. இல்லை, இருபதுக்குக் குறைந்தால் பி.எஃப்., போனஸ் கட்டாயமில்லை. இதனால் சிலர் ஒரே கூடத்தை இரண்டு பெயரில் பதிவு செய்கிறார்கள். அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பழைய பாக்கியை வட்டியோடு கட்டச் சொல்வார்கள்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லில் சிக்கல் வேறு. அங்கே பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி, அதாவது கல்லுக்கு இவ்வளவு என்று. கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, உலர் கலவை தூவி, சிமெண்ட் கலவையால் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுக்கும் முழுக் கைவேலை. விலையில் கூலியின் பங்கு அதிகம். ஆனால் ஆத்தங்குடிக் கல்தான் வேண்டும் என்று தேடி வருபவர் குஜராத்தின் மோர்பியில் ஆலையில் செய்யும் டைல்ஸுக்கு மாறமாட்டார். ஆகவே தொழில் தாங்கும். பிசகுவது கூலியைப் பிரிக்கும் இடத்தில்தான். நாள் கூலி 600, சராசரிக் கைக்கு எட்டு மணி நேரத்தில் 50 கல் என்றால் ஒரு கல்லுக்கு 12 ரூபாய். கெட்டிக்காரர் ஒருவர் 70 கல் போடுவதைப் பார்த்து அதையே அளவாக வைத்தால் கல்லுக்கு 8 ரூபாய் 57 காசு ஆகிவிடும். சராசரிக் கைக்கு 430கூடத் தேறாது. உயர்வு வந்ததாகப் பதிவேடு சொல்லும், கைக்கு வராது. தட்டு கழுவுவது, கலவை சுமப்பது, தொட்டியில் இறக்குவது இவற்றின் நேரத்தையும் அந்த எட்டு மணிக்குள் சேர்த்துத்தான் 50 என்று எண்ண வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலைக்கு வந்தவருக்கு முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனாலும், பொதுவாக அன்றைய முழுக் கூலி உண்டு என்பதே சட்டம்.

கண்டாங்கிச் சேலை நெசவுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தால் பெரிய பலன் இராது. விசைத்தறிப் போலி பக்கத்திலேயே மலிவாக நிற்கிறது. 2019ல் கிடைத்த புவிசார் குறியீட்டை (இந்த ஊர்ச் சரக்குக்கே அந்தப் பெயர் உரியது என்ற சட்டப் பாதுகாப்பு) கறாராகக் காப்பாற்றினால்தான் கைத்தறி விலை நிற்கும், கூலியும் நிற்கும்.

வேலை போய்விடும் என்ற பயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் நியூ ஜெர்சி 1992ல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்துப் பென்சில்வேனியா ஆக்கவில்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரண்டு பக்கத்துத் துரித உணவகங்களையும் ஒப்பிட்டபோது வேலை குறையவில்லை. ஒரு காரணம், கூலியைச் சந்தை அல்லாமல் முதலாளியே வைக்கும் இடங்கள் உண்டு. கிராமத்தில் இரண்டே பலகாரக் கூடம், காரைக்குடிக்குப் போனால் இரவு திரும்ப பஸ் இல்லை என்றால், அந்தப் பெண் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறாள். அங்கே உயர்வு வேலையைப் பறிக்காது, நியாயமான பங்கைத் தரும். ஆனால் ஒரேயடியாக ஏற்றக்கூடாது. சியாட்டிலில் 2016ல் 13 டாலராக்கியபோது, குறைந்த சம்பள வேலைகளில் ஆள் வேலை பார்த்த நேரம் குறைந்ததாக வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. நம் ஊரிலும் முதலில் வெட்டுப்படுவது ஆள் அல்ல, நேரம்தான்: முழு நாள் அரை நாளாகும், சாப்பாட்டுக்கென்று பிடித்தம் புதிதாக முளைக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில், பட்டியலில் உள்ள தொழில், இல்லாத தொழில் என்ற பேதம் போய்விட்டது. குறைந்த கூலிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. பாக்கியைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு; வருகை நாள், எண்ணிக்கை, வாங்கிய தொகை மூன்றையும் தொழிலாளி தன் நோட்டில் குறித்து வைக்க வேண்டும்.

முதலாளிகளுக்கு ஒன்று. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு விலைவாசிக்கேற்பச் சேரும் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1ல் மாறும். வைகாசி முகூர்த்தத்துக்குத் தை மாதமே பழைய விலையில் முன்பணம் வாங்கிவிட்டால் உயர்வு முழுவதும் உங்கள் லாபத்தில்தான் விழும். விலைப்பட்டியலில் ‘மார்ச் 31 வரை’ என்று எழுதுங்கள். அதற்குப் பிந்தைய ஆர்டருக்குப் புதுக் கூலியைப் போட்டே விலை சொல்லுங்கள்.