ஓடுதளத்தில் மயில் நின்றால்?

திருமங்கலம் தம்பி, பயிற்சியில் தனியாக விமானம் ஓட்டி இறங்கும்போது ஓடுதளத்தில் மயில் நின்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இறங்காதீர்கள். எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டில் பிடியை முழுதாகத் தள்ளி மேலே ஏறி இன்னொரு சுற்று வாருங்கள், அது விலகிவிடும் என்று காத்திருந்தால் முடிவெடுக்க உயரம் மிஞ்சாது. விமான நிலையக் கட்டுப்பாட்டு டவருக்கு உடனே சொல்லுங்கள், விரட்ட ஆள் அனுப்புவார்கள்.

எனக்குப் பருந்துதான் இன்னும் பெரிய கவலை. நம் பக்கம் மழை விட்டு ஈசல் கிளம்பினால் அதைத் தின்னக் கூட்டமாக வரும், வெயில் ஏறினால் வட்டமடிக்கும். எதிரே பார்த்தால் விமானத்தின் மூக்கைக் கீழே இறக்கவே கூடாது. மிரண்ட பறவை பெரும்பாலும் கீழேதான் பாயும், அதனால் வேகம் ரொம்பக் குறைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு மேலே ஏறுங்கள். செஸ்னா மாதிரி சிறிய விமானத்தின் முன்கண்ணாடி, பெரிய விமானத்துடையதைப் போலப் பறவை மோதலுக்குச் சோதிக்கப்பட்டதில்லை. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. கண்ணாடியே உடைந்தாலும் முதலில் விமானத்தை ஓட்டுங்கள், ரேடியோவில் பேச்செல்லாம் அப்புறம்.

இன்னொன்று. விமான நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பை கொட்டக் கூடாது என்கிறது 1937 விமான விதிகளின் 91-வது விதி. ஊருக்கு வரும்போது மதுரை விமான நிலையத்தை அடுத்த அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் யாராவது கோழிக்கழிவு கொட்டுவதைப் பார்த்தால், படம் எடுத்து நிலைய இயக்குநருக்கு எழுதிப் போடுங்கள்.