வெளிநாட்டுக்காரர் பைக் கேட்கிறார், கொடுக்கலாமா? – கேள்வி பதில்

பழைய புல்லட்டுகளைப் பிரித்துப் பூட்டி ஓடவைப்பதுதான் இருபது வருடமாக எனக்குப் பிழைப்பு. அதில் நாலைந்து வண்டிகள் மரப்பெட்டிக்குள் ஏறிக் கடல் தாண்டியும் போயிருக்கின்றன. அதனாலோ என்னவோ, "ஃபாரினில் இருந்து ஒருத்தர் கேட்கிறார், நம்பலாமா?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கூப்பிடுகிறார்கள். எல்லோரும் கேள்வியை எழுதி அனுப்புங்கள் என்றேன். வந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இங்கே.

கோவையில் இருந்து: அண்ணா, என் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கை ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று விளம்பரம் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் செய்தி அனுப்பினார். கப்பலில் இன்ஜினியராம், கரைக்கு வர மூன்று மாதம் ஆகுமாம். சொன்ன விலைக்குச் சம்மதம், விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், கூட ஐயாயிரம் தருகிறேன், என் ஏஜென்ட் வந்து வண்டியை எடுத்துக்கொள்வார் என்கிறார். உண்மையாக இருக்குமா?

இருக்காது தம்பி. நம் ஊரில் சொந்த மச்சான்கூட ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லித்தான் வண்டி வாங்குவான். பார்க்காத வண்டிக்குக் கேட்காமலே ஐயாயிரம் கூட்டித் தருகிறவனுக்கு வண்டி தேவையில்லை, நீதான் தேவை.

கப்பல், எண்ணெய்க் கிணறு, ராணுவம். இந்த மூன்று வேலையையும் அவர்கள் சும்மா தேர்ந்தெடுப்பதில்லை. நேரில் வரவும் முடியாது, போனில் பேசவும் முடியாது என்பதற்கு மூன்றுமே நல்ல சாக்கு.

ஆர்.எக்ஸ். 100 இங்கே 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. அதை நிஜமாகத் தேடுகிறவன் டேங்க் ஒரிஜினலா, இன்ஜின் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா, சிலிண்டரை எத்தனை முறை கடைந்து ரீபோர் செய்தார்கள் என்று உயிரை எடுப்பான். காலையில் முதல் உதையில் ஸ்டார்ட் ஆகிற வீடியோ கேட்பான். உன் ஆள் அனுப்பிய செய்தியைத் திரும்பப் படித்துப் பார். பைக் என்ற சொல்லாவது இருக்கிறதா, இல்லை "உங்கள் பொருள்" என்றுதான் இருக்கிறதா? சோபா விற்கிறவருக்கும் அதே செய்திதான் போயிருக்கும்.

ஒன்று செய். "ஐந்து கியர் வண்டிதானே உங்களுக்கு வேண்டும்?" என்று கேட்டுப் பார். ஆர்.எக்ஸ். 100-க்கு நாலு கியர்தான் என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

டொராண்டோவில் இருந்து: கவாஸாகி பைக் வைத்திருக்கிறேன், 5,500 டாலர் சொன்னேன். போலந்தில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் 8,000 டாலருக்கு வங்கி டிராஃப்ட் அனுப்பியிருக்கிறார். மீதி 2,500-ஐ ஷிப்பிங் கம்பெனிக்கு நான் அனுப்ப வேண்டுமாம். டிராஃப்டைப் போட்டேன், மறுநாளே கணக்கில் பணம் காட்டுகிறது. அப்படியென்றால் டிராஃப்ட் நல்லதுதானே?

இல்லை. உங்கள் ஒருவர் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தமிழர்களிடம் இருந்து எனக்கு வருகிற கதைகளில் பாதி இதுதான்.

கணக்கில் காட்டுகிற பணம் வேறு, வந்து சேர்ந்த பணம் வேறு. காசோலையோ டிராஃப்டோ போட்டால், அதைக் கொடுத்த வங்கியிடம் இருந்து பணம் வரும் முன்பே உங்கள் வங்கி தன் கையில் இருந்து எடுத்துக்கொள்ள விடுகிறது. நீங்கள் பழைய வாடிக்கையாளர் என்பதால் செய்கிற சலுகை அது. டிராஃப்ட் போலி என்று தெரியவர வாரக்கணக்கில்கூட ஆகலாம். தெரிந்ததும் வங்கி 8,000-ஐயும் உங்கள் கணக்கில் இருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய 2,500 அதற்குள் எவன் பையிலோ போயிருக்கும். அது உங்கள் சொந்தப் பணம்.

கூடுதலாக அனுப்பி மீதி கேட்டாலே அது மோசடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்பிங் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டியவர் வாங்குகிறவர். அவர் ஏன் உங்கள் வழியாகக் கட்ட வேண்டும்?

இப்போது செய்ய வேண்டியது: ஒரு டாலரைக்கூட நகர்த்தாதீர்கள். வங்கிக் கிளைக்குப் போய், டிராஃப்ட் கொடுத்த வங்கியிடம் நேரடியாகக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். டிராஃப்டிலேயே அச்சடித்திருக்கிற போன் நம்பருக்கு நீங்கள் கூப்பிட வேண்டாம். அந்த நம்பரில் எடுப்பவனும் அவர்கள் ஆளாகவே இருக்கலாம்.

சேலத்தில் இருந்து: க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போட்டால் முன்பணம் வரும் என்கிறார் சிங்கப்பூர்க்காரர்.

பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் போகும், வராது. அவர் சிங்கப்பூர்க்காரரும் இல்லை.

திருநெல்வேலியில் இருந்து: சார், லண்டனில் இருந்து ஒரு பெண்மணி என் ஜாவா பைக்கைப் பார்க்கவே விமானம் ஏறி வந்தார்களாம். டில்லி விமான நிலையத்தில் பெரிய தொகைக்கு டிராஃப்ட் வைத்திருந்ததால் சுங்கத்துறை பிடித்துவிட்டதாம். அதிகாரி ஒருவர் போன் செய்து 35,000 கட்டினால் விட்டுவிடுவோம் என்கிறார். பின்னால் அந்த அம்மா அழுகிற சத்தமும் கேட்டது.

அழுகைக்கும் ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள், பாருங்கள். சுங்கத்துறை யாருக்கும் போன் செய்து தனியார் கணக்கில் பணம் போடச் சொல்லாது. 2019 நவம்பரில் இருந்து அவர்கள் அனுப்புகிற கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்க வேண்டும். அந்தத் துறையின் தளத்திலேயே எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். "அந்த எண் சொல்லுங்க சார்" என்று கேளுங்கள், போன் வைக்கப்படும். ஒரு முறை கட்டினால் 35,000-தோடு நிற்காது, அடுத்து வரி, அப்புறம் அபராதம் என்று வந்துகொண்டே இருக்கும்.

நாகர்கோவிலில் இருந்து: துபாயில் இருக்கும் ஒருவர் ஊரில் உள்ள அப்பாவுக்காக என் வண்டியைக் கேட்கிறார். அப்பா நேரில் வந்து ஓட்டியும் பார்த்துவிட்டார். இதிலும் ஏதாவது ஆபத்து உண்டா?

இது நல்ல வியாபாரம் மாதிரி தெரிகிறது, பயப்படாதீர்கள். மகன் தன் என்ஆர்ஐ கணக்கில் இருந்து ரூபாயாகவே உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சாவி கொடுக்காதீர்கள். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். குறுஞ்செய்தியைக்கூட இப்போது போலியாக அனுப்புகிறார்கள்.

பெயர் மாற்றம் அப்பா பெயரில் நடக்கட்டும். அதற்கான படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பிக் கையெழுத்தை முடித்துவிடுங்கள். வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு "அவர்களே மாற்றிக்கொள்வார்கள்" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு விற்றவருக்குத்தான். வண்டிமேல் கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்சியில் இருந்து கடனை நீக்குகிற படிவம் 35-ம் முதலில் முடிய வேண்டும்.

ஈரோட்டில் இருந்து: பேபால் என்ற இணையப் பணச் சேவையில் பணம் போட்டுவிட்டதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. "ஷிப்பிங் ரசீது அனுப்பினால்தான் தொகை விடுவிக்கப்படும்" என்று எழுதியிருக்கிறது.

அந்த மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே பேபால் தளத்துக்குப் போய் உள்ளே நுழைந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால் எங்குமே இல்லை. நிஜமாகவே வந்திருந்தாலும் நான் அந்த வழியில் வண்டி விற்க மாட்டேன். மோட்டார் வாகனங்களுக்கு அவர்களுடைய விற்பனையாளர் பாதுகாப்பு கிடையாது. வாங்கியவர் பிறகு தகராறு கிளப்பினால் பணமும் இல்லை, வண்டியும் இல்லை.

சென்னையில் இருந்து: என்னிடம் 1978 புல்லட் இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு மாதமாகக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். இவராவது உண்மையானவரா?

ஒரு மாதம் கேள்வி கேட்கிறவர் பெரும்பாலும் உண்மையானவர்தான். அவர் சேஸிஸ் நம்பரும் தயாரித்த வருடமும் கேட்டிருப்பாரே? 25 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதிகளில் இருந்து விலக்கு உண்டு. அதனால் வருடத்துக்கு ஆதாரம் இல்லாமல் அவருக்கு வண்டி உதவாது. ஆஸ்திரேலியாக்காரராக இருந்தால் பிரேக் ஷூவிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று குடைவார், அங்கே அதற்குத் தடை. முன்பு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் என்னை எல்லா கேஸ்கெட்டையும் மாற்றவைத்து, மாற்றியதைப் படம் எடுத்து அனுப்பவும் வைத்தார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் பேசிய பணம் பேசிய நாளில் வந்தது.

பணத்துக்கு, அவர் வங்கியில் இருந்து உங்கள் வங்கிக்கு நேராக வருகிற ஸ்விஃப்ட் பரிமாற்றம் மட்டும். அனுப்பியதற்கான நகல் காட்டினால் போதாது, கணக்கில் வரவு ஆக வேண்டும். வாங்குகிறவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் ஆள் கணக்கில் இருந்து வந்தால் அது திருட்டுக் கணக்காக இருக்கலாம், பிறகு உங்கள் கணக்கு முடங்கும். எதற்கு வந்த பணம் என்று வங்கி கேட்கும், விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

"எஸ்க்ரோவில் போடுகிறேன்" (வண்டி கைமாறும்வரை பணத்தை நடுவில் ஒருவர் பிடித்துவைப்பது) என்று அவரே ஒரு தளத்தின் முகவரி அனுப்பினால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தத் தளமே அவர் கட்டியதாக இருக்கலாம்.

ஏற்றுமதியை நீங்களே செய்ய ஆசைப்படாதீர்கள். தொழிலாகச் செய்கிறவர்களுக்கு ஐஇசி எண் (ஏற்றுமதி இறக்குமதிக்கு அரசு தருகிற எண்) இருக்கும், துறைமுகத்தில் க்ளியரிங் ஏஜென்ட் இருப்பார். வாங்குகிறவர் அப்படி ஒருவரை நியமித்து, அவர் இங்கேயே உங்களிடம் ரூபாயில் வாங்கிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றிப் பெட்டியில் போடுகிற தலைவலியும் அவருடையதாகிவிடும். உங்கள் பழைய வண்டி ஆர்சியில் உங்கள் பெயரிலேயே தொங்கிக்கொண்டிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் இருந்து: பிரெஞ்சுக்காரர் ஒருவர் சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார். என் புல்லட்டை ரொக்கமாக வாங்கி லடாக் வரை ஓட்டிவிட்டு, அங்கேயே விற்றுவிட்டு ஊருக்குப் போவாராம். பெயர் மாற்றம் வேண்டாம் என்கிறார். ஆள் தங்கமானவர்.

ஆள் தங்கமானவராகவே இருக்கட்டும். எனக்கு மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதுதான் பயம். மோசடிக்காரனிடம் போவது பணம், இவரிடம் போவது உங்கள் பெயர்.

வழியில் ஒருவரை இடித்துவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டால், போலீஸ் ஆர்சியில் உள்ள முகவரிக்குத்தான் வரும். 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் விபத்தில் சிக்கிய கார் பல கை மாறியிருந்தது, ஆனால் ஆர்சியில் முதல் ஆள் பெயரே இருந்தது. விபத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியவர் பதிவில் உள்ள உரிமையாளர்தான் என்று தீர்ப்பு. லடாக்கில் அவர் யாருக்கு விற்பார், வாங்கியவர் பிறகு யாருக்கு விற்பார் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

சுற்றுலா விசாவில் இருப்பவருக்கு முகவரிச் சான்று காட்டிப் பெயர் மாற்றுவது சுலபமில்லை, அதனால்தான் வேண்டாம் என்கிறார். அது அவர் கஷ்டம். முறையாக வாடகைக்கு வண்டி கொடுக்கிற கடைக்கு வழி காட்டுங்கள். பாஸ்போர்ட் நகலும் டெலிவரி நோட்டும் வாங்கி வைத்தால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். போதாது. அப்புறம், யாரிடம் விற்றாலும் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு.

தஞ்சாவூரில் இருந்து: ஆர்சியும் ஆதாரும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள், நம்பிக்கைக்காகவாம்.

அனுப்பாதீர்கள். அந்தப் படங்களை வைத்து உங்கள் வண்டியை வேறு ஒருவருக்கு "விற்பார்கள்". தேடி வருகிறவர் உங்கள் வீட்டு வாசலில் நின்று சண்டை போடுவார். போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை (ஓடிபி) கேட்டாலும் இதே பதில்தான்.

பெயர் வேண்டாம் என்றவர்: நான் ஏற்கெனவே 18,000 இழந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, வீட்டில்கூடச் சொல்லவில்லை.

வெட்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் கை மாறிக்கொண்டிருக்கும்போதே சொன்னால் நடுவில் ஏதாவது ஒரு கணக்கில் முடக்க வாய்ப்பு உண்டு, நாளாக ஆகக் குறையும். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கட்டுங்கள்" என்று ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான்.

மறுபடி கோவை: அண்ணா, கேட்டேன். "ஆமாம், ஐந்து கியர்தான் எனக்குப் பிடிக்கும், பொருள் நல்ல நிலையில் இருக்கிறதா?" என்று பதில் வந்தது.

சரி தம்பி, பிளாக் பண்ணு. சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வா, நானே ஒரு விலை சொல்கிறேன். பேரம் பேசுவேன்.